விலை இறங்குமுன் வாங்கியவர்களுக்குக் கடைக்காரர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் தம்பியோடு சேர்ந்து கைப்பேசி, கேம் கடை நடத்துகிறேன். பத்து வாரத்துக்கு முன் வந்த ஒரு கையடக்க கன்சோலை (கேம் விளையாடும் கருவி) 459 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்று வந்தோம். போன திங்கட்கிழமை தயாரிப்பு நிறுவனம் விலையை 359 வெள்ளியாகக் குறைத்துவிட்டது. அதற்குள் 43 விற்றாகிவிட்டது. அதில் 11 கடைசி இரண்டு வாரத்தில் போனவை. இன்னும் 15 கையிருப்பில் இருக்கின்றன. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், பேருந்து ஓட்டுநர், மகளுக்காக 12 மாதத் தவணையில் வாங்கியிருந்தார். விலை இறங்கிய மறுநாள் வந்து, “அண்ணே, முதல் தவணையே இன்னும் கட்டல. ஏதாவது பாத்துச் செய்யக்கூடாதா?” என்று கேட்டார். சத்தம் போடவில்லை. “வித்தது வித்ததுதான், ஒருத்தருக்குக் கொடுத்தா 43 பேரும் வந்து நிப்பாங்க” என்கிறான் தம்பி. ஒரு கன்சோலில் எங்களுக்கு நிற்பதே 25 வெள்ளிதான். உறை, கன்ட்ரோலர், பழைய கேம் இவற்றில் நூற்றுக்கு முப்பது கிடைக்கும். சட்டப்படி நான் கொடுத்தாக வேண்டுமா? கொடுப்பதானால் யாருக்கு, எவ்வளவு? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விலை இறங்கப்போவதை விநியோகஸ்தரின் ஆள் ஆறு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் எனக்குச் சொல்லி, வெளியே விடவேண்டாம் என்றார். அந்த ஆறு நாளில் நான்கு விற்றோம். ஓட்டுநர் வாங்கியதும் அப்போதுதான்.

பதில்:

அன்புள்ள ஐயா,

கடைசியாகச் சேர்த்த அந்த நாலு வரியை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். அதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. யாருக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு விடை அந்த வரிகளில்தான் இருக்கிறது.

முதலில் சட்டம். உங்கள் தம்பி சொல்வது பெரும்பகுதி சரி. ஒரு பொருளை ஒத்துக்கொண்ட விலைக்கு விற்றபின் அதன் விலை இறங்கினால் வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சிங்கப்பூரில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன்’ சட்டம் பழுதான பொருளுக்கு மட்டும்தான். வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கருதி, கடை பழுதுபார்த்தோ மாற்றியோ கொடுக்க வேண்டும் என்கிறது அது. நூறு வெள்ளி அதிகம் கொடுத்தது பழுது ஆகாது. ஐந்து நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அது அழைக்காமலே வீட்டுக்கு வந்து விற்பது போன்ற சில வகை விற்பனைகளுக்கான விதி. கடைக்குத் தானாக வந்து வாங்கியவருக்குப் பொருந்தாது.

எனவே 43 பேரில் 39 பேர் விஷயத்தில் நீங்கள் சட்டத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. தேக்காச் சந்தையில் காலையில் வாங்கிய மீன் கடை மூடும் நேரத்தில் பாதி விலைக்குப் போனால் யாரும் மீன்காரரிடம் சண்டைக்குப் போவதில்லை.

மீதி நான்கு பேர் விஷயம் வேறு. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தகம்) சட்டம் நியாயமற்ற நடைமுறை எது என்று சொல்லும்போது, பொய் சொல்வதை மட்டும் குறிப்பிடவில்லை. ஒன்றைச் சொல்லியோ, சொல்லாமல் விட்டோ, அதனால் வாங்குபவர் ஏமாறக்கூடும் என்றால் அதுவும் நியாயமற்ற நடைமுறைதான் என்கிறது. சொல்லாமல் விட்டதும் சேர்த்தி, கவனியுங்கள். ஆறு நாளில் நூறு வெள்ளி இறங்கப்போகிறது என்று தெரிந்துகொண்டே 459க்குப் பில் போட்டீர்கள். விலை குறைப்பைச் சொல்லும் கடமை கடைக்காரருக்கு உண்டா இல்லையா என்பதில் இரு பக்கமும் வாதாட இடமிருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் உங்கள் தம்பியோ வேலைக்கிருக்கும் பையனோ, “இப்போதைக்கு இறங்காது, எடுத்துக்கங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாதமே வேண்டாம், தவறு உங்கள் பக்கம். இருவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தி தேதியோடும் நேரத்தோடும் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. அதை அழித்துவிட வேண்டாம்.

அந்த ஓட்டுநர் பயனீட்டாளர் சங்கத்திடமோ சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்திடமோ போகலாம். நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம், அதற்கு இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. நூறு வெள்ளிக்காக ஓர் ஓட்டுநர் விடுப்பெடுத்துக்கொண்டு அங்கே போவாரா? போகமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். போகமாட்டார் என்பதற்காக அவர் பணத்தை வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த நான்கு பேருக்கும் நூறு வெள்ளியை முழுதாக, ரொக்கமாக, அவர்கள் கேட்குமுன் திருப்பிக் கொடுங்கள். ஓட்டுநர் கேட்டுவிட்டார், மற்ற மூவர் இன்னும் கேட்கவில்லை. அவர்களை இன்றே கூப்பிடுங்கள்.

மற்றவர்களைப் பற்றிப் பேசுமுன், பெரிய நிறுவனங்கள் இதே நெருக்கடியில் என்ன செய்தன என்று பார்க்கலாம்.

எல்லாரும் சொல்லும் உதாரணம் ஜப்பானிய கேம் நிறுவனமான நின்டெண்டோ. 2011 பிப்ரவரி 26ஆம் தேதி ஜப்பானில் 3டிஎஸ் கன்சோலை 25,000 யென்னுக்கு வெளியிட்டது. விற்பனை எதிர்பார்த்தபடி போகவில்லை. ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 11 முதல் 15,000 யென் என்று அறிவித்தது. அமெரிக்காவில் 249.99 டாலர் 169.99 ஆனது. முந்தி வாங்கியவர்கள் எப்படிக் கொதித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்போதைய தலைவர் சத்தோரு இவாத்தா வாடிக்கையாளர்களுக்கு வெளிப்படையாக ஒரு மடல் எழுதினார். நம்பி முதலில் வாங்கியவர்கள் துரோகம் இழைக்கப்பட்டதாக உணரலாம் என்பதை அவரே சொன்னார். விலை இறங்குமுன் ஒருமுறையாவது கன்சோலை இணையக் கடையுடன் இணைத்திருந்த எல்லாருக்கும் 20 கேம்கள் இலவசம் என்றார். அந்நிறுவனத்தின் பழைய ஃபேமிகாம் கன்சோல் காலத்து கேம்கள் பத்து, கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவியின் கேம்கள் பத்து. முதல் பத்தும் பின்னால் மற்றவர்களுக்கும் விலைக்குக் கிடைத்தன. இரண்டாவது பத்து 3டிஎஸ்ஸில் வேறு யாருக்கும் விற்கப்படவே இல்லை. அதோடு இவாத்தா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். மற்ற இயக்குநர்களின் சம்பளமும் வெட்டப்பட்டது.

அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது கேம்களின் எண்ணிக்கை அல்ல. யாரும் ரசீதைத் தூக்கிக்கொண்டு போய்க் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஒரு தேதியைச் சொன்னார்கள், அதற்குமுன் இணைத்தவர் எல்லாரும் தகுதி பெற்றார்கள். சத்தம் போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒரே அளவு.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோல் கதை இதைவிட வேகமாக நடந்தது. 2002 மார்ச் 14ஆம் தேதி ஐரோப்பாவில் வெளியானது. பிரிட்டனில் 299 பவுண்டு. ஆறு வாரத்தில், ஏப்ரல் 26 முதல், 199 பவுண்டு! நூறு பவுண்டு அதிகம் கொடுத்தவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் இரண்டு கேம்களும் ஒரு கன்ட்ரோலரும் தந்தது. கடை விலையில் பார்த்தால் ஏறத்தாழ அந்த நூறு பவுண்டு வந்துவிடும். நிறுவனத்துக்கு ஆன செலவு அதைவிடக் குறைவு.

மூன்றாவது கன்சோல் இல்லை, ஐஃபோன். ஆனால் உங்கள் கணக்குக்கு இதுதான் மிகவும் நெருக்கம். 2007 ஜூன் 29ஆம் தேதி 599 டாலருக்கு வந்த 8 ஜிபி ஐஃபோன், செப்டம்பர் 5ஆம் தேதி 399 டாலர் ஆனது. மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் வாடிக்கையாளர்களுக்கு மடல் எழுதி, 100 டாலர் கடைப் பற்றுச்சீட்டு தருவதாக அறிவித்தார். ஆனால் அதற்கு முந்திய 14 நாளுக்குள் வாங்கியவர்களுக்கு வித்தியாசம் முழுவதும், 200 டாலர், திரும்பக் கிடைத்தது. நேற்று வாங்கியவரையும் இரண்டு மாதம் முன்பு வாங்கியவரையும் ஆப்பிள் ஒன்றாக நடத்தவில்லை. அது நியாயம்தான். முதல் நாளே வாங்கியவர் பத்து வாரம் அதை வைத்து அனுபவித்திருக்கிறார், ‘என்னிடம்தான் முதலில்’ என்ற மகிழ்ச்சியும் அவருக்குக் கிடைத்தது. போன வாரம் வாங்கியவருக்கு அது எதுவும் இல்லை. அதிக விலை மட்டும்தான்.

இந்த மூன்றிலும் விலையை வைத்ததும் குறைத்ததும் தயாரித்த நிறுவனமே. எப்போது குறைப்போம் என்பது தெரிந்ததும் அதற்கு மட்டும்தான். ஆகவே முந்தி வாங்கிய எல்லாருக்கும் அதுதான் பொறுப்பு. உங்கள் நிலை அப்படியல்ல. பத்து வாரம் முன்பு 459 என்று பில் போட்டபோது அது இறங்கும் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு எப்போது தெரிந்ததோ அப்போதிலிருந்துதான் கடமை. அதற்குமுன் வாங்கியவர்களுக்கு நீங்கள் செய்வது உறவுக்காக. அந்தக் கோட்டை உங்கள் மனத்தில் தெளிவாகப் போட்டுக்கொண்டால் “ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் வருவாங்களே” என்ற பயம் போய்விடும். வரட்டும். தேதியைப் பார்த்துச் சொல்ல உங்களிடம் பதில் இருக்கும். யார் அதிகம் சத்தம் போடுகிறார் என்று பார்த்துக் கொடுக்கத் தொடங்கினால்தான் தம்பி சொல்வது நடக்கும்.

இனிக் கணக்கு. 43 பேருக்கும் நூறு நூறாகக் கொடுத்தால் 4,300 வெள்ளி. நீங்கள் சொன்ன லாபப்படி இந்த கன்சோலில் மொத்தமாகக் கிடைத்ததே 1,075 வெள்ளி. அது முடியாது, தேவையும் இல்லை.

நான் சொல்வது இது. அறிந்தபின் விற்ற நான்கு பேருக்கு ரொக்கம், 400 வெள்ளி. அதற்குச் சற்றுமுன், இரண்டு வாரத்துக்குள் வாங்கிய ஏழு பேருக்கு 100 வெள்ளிக் கடைப் பற்றுச்சீட்டு. உறையோ கன்ட்ரோலரோ பழைய கேமோ எடுத்துக்கொள்வார்கள். நூற்றுக்கு முப்பது லாபம் என்றால் உங்கள் கையிலிருந்து போவது ஆளுக்கு 70, மொத்தம் 490. மீதி 32 பேருக்கு 20 வெள்ளிப் பற்றுச்சீட்டு. 14 வெள்ளி வீதம் 448. எல்லாரும் பயன்படுத்தினாலும் 1,338 வெள்ளியைத் தாண்டாது. இந்த கன்சோலில் சம்பாதித்தது முழுவதும் போய், அதற்குமேல் 263 வெள்ளியும் போகும். வலிக்கும்தான். பத்து வார உழைப்பு அது. ஆனால் கன்சோலில் நிற்கும் 25 வெள்ளியை நம்பியா கடை நடக்கிறது? அதை வாங்கியவர் அடுத்த மூன்று நான்கு ஆண்டு உங்களிடம் கேம் வாங்கவும் மாற்றவும் வருகிறாரே, அதை நம்பித்தான் நடக்கிறது.

பற்றுச்சீட்டில் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ‘100 வெள்ளிக்கு மேல் வாங்கினால்’, ‘இந்த மாத இறுதிக்குள்’, ‘குறிப்பிட்ட பொருளுக்கு மட்டும்’ என்ற நிபந்தனைகளைப் போடாதீர்கள். பாதிப் பேர் பயன்படுத்தமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவருக்கு அது உடனே புரிந்துவிடும், அப்புறம் கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றுதான். ஓர் ஆண்டு செல்லும், புதிய கன்சோல் தவிர எதற்கும் செல்லும் என்று மட்டும் போடுங்கள்.

அந்த 32 பேருக்கு 20 வெள்ளி சிறிய தொகைதான். அதோடு உங்களுக்கு அதிகம் செலவில்லாத ஒன்றையும் சேருங்கள். உங்கள் கடையில் பழுதுபார்க்கும் பையன் இருந்தால், ஓர் ஆண்டுக்கு உத்தரவாதத்துக்குள் வராத சின்னப் பழுதுகளுக்குக் கூலி வேண்டாம், உதிரிப்பாகத்தின் விலை மட்டும் என்று சொல்லலாம். அல்லது அடுத்து வரும் கன்சோலுக்கு முன்பதிவில் முதலிடம். வெளியீட்டு நாளில் வரிசையில் நிற்பவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

ஓட்டுநரின் தவணை பற்றி ஒரு வார்த்தை. கடைக்கு வரவேண்டிய பணம் வங்கியிடமிருந்து முழுதாக வந்துவிட்டிருக்கும். அவர் கட்டுவது வங்கிக்கு. பழைய பரிவர்த்தனையை ரத்து செய்துவிட்டு 359க்குப் புதிதாகப் போட்டால் அவர் தலையில் ரத்துக் கட்டணம் விழுமா என்று வங்கியிடம் முதலில் விசாரியுங்கள். விழுமென்றால் தவணையில் கைவைக்காமல் நூறு வெள்ளியைத் தனியாகச் சேர்ப்பதற்கு என்ன வழி என்று அவர்களிடமே கேளுங்கள். ரசீதின் பின்புறம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுங்கள். கடை பொருள் சேவை வரிக்குப் பதிவு பெற்றது என்றால், திருப்பிக் கொடுக்கும் நூறில் 8.26 வெள்ளி வரிப் பணம். முறையாக வரவுக் குறிப்பு கொடுத்தால் அதைச் சரிக்கட்டலாம், கணக்காளரிடம் சொல்லிவிடுங்கள்.

வாடிக்கையாளர்களுக்கு எப்படித் தெரியப்படுத்துவது? அந்த நான்கு பேரை நீங்களே தொலைபேசியில் கூப்பிடுங்கள், தம்பியை விட்டுக் கூப்பிடச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குக் குறுஞ்செய்தி போதும். ஆனால் “உங்களுக்கு 100 வெள்ளி காத்திருக்கிறது, இங்கே தட்டுங்கள்” என்று இணைப்போடு செய்தி வந்தால் இன்றைய சிங்கப்பூரில் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. மோசடிக்காரர்கள் அனுப்புவதும் அப்படித்தான் இருக்கும். இணைப்பே வேண்டாம். கடையின் பெயர், அவர் வாங்கிய தேதி, ரசீதோடு கடைக்கு வரலாம் என்ற தகவல், அவ்வளவுதான். அதிலேயே புதிய கேம்களுக்கு விளம்பரத்தையும் சொருகிவிடாதீர்கள். விளம்பரம் சேர்ந்தால் ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டு (விளம்பரம் வேண்டாம் என்றவர்களின் எண்கள் அதில் இருக்கும்) விதிகள் குறுக்கே வரும். அதைவிட, மன்னிப்புக் கேட்கும் செய்தியில் வியாபாரம் பேசுவது அழகல்ல.

வேண்டுமானால் இப்படி அனுப்புங்கள்: “வணக்கம். நீங்கள் எங்கள் கடையில் இந்தத் தேதியில் 459 வெள்ளிக்கு வாங்கிய கன்சோலின் விலை இப்போது 359. எங்களிடம் முந்தி வாங்கிய உங்களுக்கு ஒரு பற்றுச்சீட்டு எடுத்து வைத்திருக்கிறோம். ஓர் ஆண்டு செல்லும். ரசீதோடு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.” இதற்குமேல் உருகி எழுத வேண்டாம்.

அடுத்து விநியோகஸ்தர். விலை இறங்கும்போது கையிருப்பில் இருக்கும் சரக்குக்கு வித்தியாசத்தை ஈடுகட்டுவது இந்தத் தொழிலில் வழக்கம். ‘பிரைஸ் புரொடெக்‌ஷன்’ என்பார்கள். உங்களிடம் இருக்கும் 15க்கு அது கிடைத்ததா என்று கடிதத்தில் இல்லை. கிடைக்கவில்லை என்றால் வரிசை எண்களோடு பட்டியல் அனுப்பி உடனே கேளுங்கள், நாளாக ஆக மறுப்பது அவர்களுக்குச் சுலபம். விற்றுப்போன 43க்கு அந்த ஏற்பாடு பொதுவாகக் கிடையாது. இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். பணமாகத் தராவிட்டாலும் இலவச கேம் குறியீடுகளோ துணைப் பொருள்களோ தரலாம். அந்த 32 பேருக்கு அது மிகவும் பொருத்தம். முந்தி வாங்கியவர்களுக்குச் செய்ய வேண்டியதில் பெரும்பங்கு அந்த நிறுவனத்தைச் சேர்ந்தது என்பதை அவர்களிடம் யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்களைப் போன்ற சிறு கடைகள் நாலைந்து சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

இன்னொரு பக்கமும் உண்டு. அண்மைய ஆண்டுகளில் கன்சோல் விலை இறங்கும் என்று காத்திருந்தவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 5 விலையை சோனி பல நாடுகளில் ஏற்றியது. வந்து இரண்டு ஆண்டு ஆகப்போகும் ஒரு கன்சோலின் விலை ஏறுவதை அதற்குமுன் இந்தத் தொழிலில் பெரும்பாலும் பார்த்ததில்லை. “இறங்கும்வரை பொறுங்கள்” என்று வாடிக்கையாளருக்கு இனி யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் சட்டென்று இறங்கும்போது அடி பலமாக விழுகிறது.

கடைசியாக, அடுத்த தடவை அந்த வாட்ஸ்அப் செய்தி வரும்போது என்ன செய்வது? வரத்தான் போகிறது. விநியோகஸ்தரின் ரகசியத்தைக் காப்பது உங்கள் கடமை. தெரிந்துகொண்டே அதிக விலைக்கு விற்காமல் இருப்பதும் உங்கள் கடமை. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற வழி இருக்கிறது. இன்றிலிருந்தே எல்லா கன்சோல் ரசீதிலும் ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்: “வாங்கிய 14 நாளுக்குள் இதே மாடலின் விலையை எங்கள் கடை குறைத்தால், ரசீதைக் காட்டி வித்தியாசத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.” இந்த வரி எப்போதும் ரசீதில் இருப்பதால் அதிலிருந்து யாரும் எந்த ரகசியத்தையும் ஊகிக்க முடியாது. இதே மாடல், உங்கள் கடையின் விலை, 14 நாள் என்ற மூன்றையும் தெளிவாகப் போடுங்கள்; இல்லாவிட்டால் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்தில் யாரோ ஒருநாள் தள்ளுபடியில் விற்ற விலையைக் காட்டிக்கொண்டு வருவார்கள். ரகசியச் செய்தி வந்த நாளிலிருந்து விலை இறங்கும் நாள்வரை 14 நாளுக்குமேல் இடைவெளி இருந்தால், அந்த நாட்களில் அந்த மாடலைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். கேட்பவரிடம் “இப்போதைக்கு விற்பனைக்கு இல்லை, இன்ன தேதிக்கு மேல் வாருங்கள்” என்று சொன்னால் போதும்.